சுண்ணாம்புக்குழி பிச்சையா

குழாயில் தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. குடத்துக்காரிகள் சுவரோரமாக நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே வெயிலுமுத்து மூங்கில் கழியின் உச்சியில் குழல் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கி, கார் பாட்டரியின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆம்ப்ளிஃபயரை ஒரு பழைய சோப்புப் பெட்டியின்மேல் வைத்திருந்தான். அதன் வால்வுகள் சூடேறி முனக ஆரம்பித்ததும் பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாடகை கிடையாது. போன வருஷம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது போலீஸ்காரர்களே அவனைக் கூட்டிவந்து, விளக்கை அணைக்கும்படி தாராவித் தமிழர்களுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சண்டை ஓய்ந்தது, வெயிலுமுத்துவின் வாய் ஓயவில்லை. ரேஷன் கடைக்குக் கோதுமை வந்ததா, எந்தச் சந்தில் முனிசிபாலிட்டிக்காரன் குடிசை இடிக்க அளந்துகொண்டு போனான், யாருக்கு ஊரிலிருந்து வந்த தந்தி வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது, ஓட்டுக் கேட்டு வந்தவர் போட்டுத் தருவதாகச் சொன்ன குழாய் எங்கே போயிற்று என்று எல்லாம் சொல்வான். ஜனங்கள் அதற்கு 'நம்ம ரேடியோ' என்று பேர் வைத்துவிட்டார்கள். போலீசில் இதற்கென்று தனியாகப் பர்மிஷன் இல்லை. அம்மன் கோயில் பக்திப் பாட்டுக்காக மாதாமாதம் வாங்கும் பர்மிஷனிலேயே இதுவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கித் தருகிறவர் கோயில் கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம்.

"வணக்கம். தாராவிச் செய்திகள்" என்று வெயிலுமுத்து ஆரம்பித்தான். மைக்கைப் பிடித்தால் அவனுக்கு ரேடியோக்காரர்களின் தமிழ் வந்துவிடும். "மூன்றாவது சந்து பேராச்சி அம்மாளின் வெள்ளாடு, இடது காது அறுத்தது, கழுத்தில் பச்சைக் கயிறு, வெள்ளிக்கிழமை முதல் காணவில்லை. கண்டவர்கள் தகவல் தரவும்." பிறகு குழாய் நேரம், ரேஷன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "நமது பகுதியில் உள்ள ஒரு டேனரியில் ஒரு தொழிலாளி கண்ணில் சுண்ணாம்பு பட்டுச் சிகிச்சை பெற்று வருகிறார். அனைவரும் வேலையில் கவனமாக இருக்கவும்" என்றான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த முருகம்மாள் எழுந்தாள். அந்த ஒரு தொழிலாளி அவள் புருஷன் பிச்சையா. குழாய் சீறித் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. அவள் குடத்தைப் பார்க்காமல் நேரே சோப்புப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆட்டுக்குக் காது அறுத்தது, கயிறு பச்சைன்னு அத்தனை அடையாளம் சொன்னியே தம்பி. எங்க வீட்டு ஆளுக்குப் பேரு கிடையாதா?"

வெயிலுமுத்து அவசரமாக மைக்கை அணைத்தான். "மெல்லப் பேசுங்க மதினி. பேரைச் சொன்னா எந்த டேனரின்னு சொல்லணும். டேனரி பேரைச் சொன்னா பிரம்மநாயகம் அண்ணாச்சி அடுத்த மாசம் காயிதத்துல கையெழுத்துப் போடமாட்டாரு. அப்புறம் ரேடியோவே இருக்காது."

"இப்ப மட்டும் இருக்காக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுக்கப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் முந்திவிட்டிருந்தாள்.

பிச்சையா குளத்துமேட்டு டேனரியில் சுண்ணாம்புக் குழி ஆள். குழியில் ஊறும் தோலை நீளமான இரும்புக் குறட்டால் கவ்வி இழுத்து, மேலே அடுக்கி, திரும்பக் குழிக்குள் தள்ள வேண்டும். குழிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை உளுத்துப்போயிருந்தது. அதை மாற்றும்படி இரண்டு தடவை சொல்லியிருந்தான். மூன்றாவது தடவை சொல்வதற்குள் பலகை முறிந்து, முகம் குப்புறக் குழிக்குள் போனான். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் இல்லை. பக்கத்துக் குழியில் நின்ற வானமாமலைதான் குதித்துத் தூக்கினான். கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான். கூடவே பிரம்மநாயகமும் போனார். கோயில் கமிட்டிக்குத் தலைவர் என்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேஷம். மற்ற நாளெல்லாம் அவர் டேனரியின் முகாதம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்களை ரயிலேற்றிக் கூட்டிவந்து டேனரியில் விடுவதும், அவர்களை மேய்ப்பதும், அவர்களுடைய சம்பளத்தை முதலாளியிடம் வாங்கித் தன் கையால் பட்டுவாடா செய்வதும் அவர் வேலை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "ரோட்டுல போனவன். குடிச்சிட்டுத் தடுமாறி உள்ள வந்து விழுந்துட்டான்" என்று அவர் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஒரு கண் முழுக்க வெளுத்து மூடிவிட்டது. மற்றதில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது.

முருகம்மாள் மாட்டுங்காவில் ஜகந்நாதன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. ஆபீஸ் யூனியனில் கொடி பிடிக்கிற மனுஷன். அவர்தான் நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தார். டேனரியிலிருந்து பதில் வந்தது: பிச்சையா என்று யாரும் எங்களிடம் எக்காலத்திலும் வேலை பார்த்ததில்லை. கொடை முடிந்த நாலாம் நாள், வியாழக்கிழமை, விசாரணை வைத்திருந்தார்கள்.

"சாட்சி வேணும், முருகம்மா" என்றார் ஜகந்நாதன். "கூட வேலை பார்த்தவா ரெண்டு பேராவது வந்து, ஆமாம், இவர் எங்களோட வேலை பார்த்தவர்னு சொல்லணும். இல்லேன்னா அன்னிக்கே கேஸை மூடிடுவா. நான் இங்கிலீஷ்ல எழுதறதை வெச்சுண்டு ஒண்ணும் ஆகாது."

அவள் வானமாமலை வீட்டுக்குப் போனாள். அவன் தட்டில் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் என்ன செய்ய மதினி. என் மச்சினன், தங்கச்சி மாப்பிள்ளை எல்லாம் அங்கனதான் நிக்கான். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னா மூணு வீட்டுல அடுப்பு எரியாது."

"எங்க வீட்டுல ஒரு அடுப்பு அணைஞ்சாச்சு. அதையும் சேத்து நாலுன்னு வச்சுக்கிட வேண்டியதுதான்" என்றாள் முருகம்மாள். சொன்ன பிறகு, சாப்பிடுகிறவன் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவன் குழியில் குதித்ததில் அவன் கால்களும் வெந்துபோய், தோல் உரிந்து கிடந்தன.

தங்கள் ஒற்றை அறைக் கோலிக்குத் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள். பிச்சையா வாசலில் உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்திருந்தான்.

"குடிகாரன்னு எழுதிட்டாவளாம். குடிச்சாவது இருந்திருக்கலாம். அந்த ஒரு சுகமும் இல்லாமப் போச்சு" என்றான். பிறகு, "வானமாமலையைக் குத்தம் சொல்லாத. அவன் இல்லைன்னா நான் குழியிலயே வெந்திருப்பேன்" என்றான். கொஞ்சநேரம் கழித்து, "கொடைக்கு வரி கொடுத்தாச்சு, அதுல பாக்கியில்ல. கண்ணு போறதுக்கு முந்துன சம்பளத்துலயே அண்ணாச்சி பிடிச்சுக்கிட்டாரு" என்றான்.

முருகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அப்பம் உங்க பேரைக் கூப்பிடணும்."

"கூப்பிடுவாவ. அதுக்கென்ன?"

"எங்கன சேத்துக் கூப்பிடுவாவ?"

பிச்சையா முகத்தை அவள் பக்கம் திருப்பினான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

கொடையில் மதியப் பூஜை முடிந்ததும் வரி கூப்பிடுவது வழக்கம். வரி கொடுத்த குடும்பத் தலைவன் பேரை மைக்கில் சொல்லிக் கூப்பிட்டு, அம்மன் முன்னால் அவன் கையில் தேங்காய் முறியும் பழமும் கொடுப்பார்கள். ஊரில் என்றால் அப்பன் பேரைச் சேர்த்துச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தாராவியில் ஒரே பேரில் தடுக்கி விழுந்தால் ஆள் இருந்தான். அதனால் வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லி, அந்த இடத்து ஆட்களையெல்லாம் ஒன்றாகக் கூப்பிடும் பழக்கம் வந்தது. எண்ணெய் மில் ஆட்கள், ரயில்வே ஆட்கள், இன்ன டேனரி ஆட்கள் என்று போகும். கூவி விற்கிறவர்களும் வேலை இல்லாதவர்களும் கடைசியில் 'பொது' என்ற தலைப்பில் வருவார்கள். வரியைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒன்றும் உண்டு. அப்படிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தை ஊர் தள்ளிவைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டில் சாவு விழுந்தாலும் தூக்க ஆள் வராது.

பிரம்மநாயகமும் இதை யோசிக்காமல் இல்லை. கொடைக்கு முந்தின நாள் பந்தலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த வெயிலுமுத்துவிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஏணியைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினார்.

"நாளைக்கு வரி கூப்பிடும்போது பிச்சையாவைப் பொதுவுல சேத்துரு. இப்ப வேலையில்லாதவன்தானே, தப்பொண்ணும் இல்ல. மேனேஜர் வாராரு, பந்தல் துணி அவுங்க உபயம். சங்கடம் வேண்டாம்."

வெயிலுமுத்து ஏணியின் மேலேயிருந்து, "சரி அண்ணாச்சி" என்றான்.

"அடுத்த மாச பர்மிஷனுக்கு இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஊரில் கொடை செவ்வாய்க்கிழமை. பம்பாயில் அம்மனும் டேனரி விடுமுறையை அனுசரித்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிக்கொண்டாள். மழைக்கு முந்தின வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்கியது. மேளம் ஓய்ந்து, மதியப் பூஜை முடிந்து, பொங்கல் பானைகள் அடுப்பை விட்டு இறங்கின. அம்மனுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டு டேனரி மேனேஜரை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. வடக்கத்திக்காரர்; தமிழ் ஒரு சொல் தெரியாது. டேனரியின் பேர் காதில் விழும்போதெல்லாம் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

எண்ணெய் மில் முடிந்தது. ரயில்வே முடிந்தது. வெயிலுமுத்து, "குளத்துமேட்டு டேனரி ஆட்கள்" என்றதும் மேனேஜர் கைகூப்பினார். ஆட்கள் எழுந்து வந்து வரிசையாக நின்றார்கள். தலைவர் என்கிற முறையில் பிரம்மநாயகம் தேங்காய்த் தாம்பாளத்தோடு நின்றார். வரிசையில் முதல் ஆளாக முருகம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு பிச்சையா வந்தான். அவனுக்குப் பின்னால் வானமாமலை.

"ஏட்டி முருகம்மா, உங்களுக்குப் பொதுவுல" என்றார் பிரம்மநாயகம், சிரித்த முகம் மாறாமல். "கொஞ்சம் தள்ளி நில்லு. பின்னால கூப்பிடுவோம்."

"எங்க வரியை எங்கன வச்சு வாங்குனிய அண்ணாச்சி?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"டேனரியில சம்பள மேசையில வச்சுப் பிடிச்சிய. டேனரி ஆளு இல்லன்னா அந்த வரி செல்லாது. இப்பமே திருப்பித் தாங்க. அம்மன் முன்னால வச்சுத் தாங்க, நாங்க வாங்கிட்டுப் போயிருதோம்."

பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து பார்த்தார்கள். பிரம்மநாயகத்தின் கை தேங்காய் முறியின்மேல் நின்றுவிட்டது. ஒரு தப்பும் செய்யாத குடும்பத்தின் வரியைத் திருப்பிக் கொடுத்தார் என்றால் அடுத்த கொடைக்குள் தலைவர் பதவி போய்விடும். ஊருக்குப் போனால் அங்கேயும் கேள்வி வரும். அவர் வெயிலுமுத்து பக்கம் திரும்பினார்.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்க. பொதுவுல பிச்சையான்னு வாசி. கையோட கொடுத்து அனுப்பிருதேன்."

மைக் வெயிலுமுத்துவின் கையில் திறந்தபடி இருந்தது. பிரம்மநாயகம் சொன்னதும், முருகம்மாள் சொன்னதும் ஏற்கனவே கழிமுனையிலிருந்து தாராவி முழுக்கக் கேட்டாகிவிட்டது. பதற்றத்தில் அது அவர் காதில் ஏறவில்லை. வெயிலுமுத்துவுக்குத் தெரியும். அவனுக்குப் பயம்தான். ஆனால் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கூவிக் கூவிச் சேர்த்த ஜனம், அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குளத்துமேட்டு டேனரி" என்றான். "சுண்ணாம்புக்குழி பிச்சையா."

மேனேஜர் கைகூப்பினார்.

வெயிலுமுத்து அதோடு விடவில்லை. ஒயரை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, மைக்கைப் பிச்சையாவின் வாய்க்கு நேரே நீட்டினான். "போன வாரச் செய்தியில பேர் விட்டுப் போச்சு அண்ணே. நீங்களே சொல்லிருங்க."

பிச்சையா குரல் வந்த பக்கமாகத் தலையைச் சாய்த்தான். மைக்கில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. எதிரே இருக்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"என் பேரு பிச்சையா. குளத்துமேட்டு டேனரியில சுண்ணாம்புக் குழியில நின்னேன். பலகை உளுத்துக் கிடக்குன்னு சொன்னேன். மாத்தல. முறிஞ்சு விழுந்தேன். குடிச்சிருக்கல."

அவன் பேச்சு தூரத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. பிரம்மநாயகம் தேங்காய் முறியை அவன் கையில் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. அடுத்தது வானமாமலை. அவன் முறியை வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவன் நகரவில்லை. மைக்கைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

"வானமாமலை. பிச்சையா அண்ணனுக்கு அடுத்த குழி. பலகை முறிஞ்சதைப் பாத்தேன். நான்தான் தூக்குனேன்."

அவன் மச்சினன் வந்தான். "அந்தப் பக்கத்துக் குழி. தண்ணி இல்லைன்னு குழாய்க்கும் குழிக்கும் ஓடுனேன்." தங்கச்சி மாப்பிள்ளை வந்தான். "கைவண்டி பிடிச்சேன்." பட்டைச்சாற்றுக் குழியில் நிற்கிறவன், தோல் சீவுகிறவன், உப்புப் போடுகிறவன் என்று ஒவ்வொருத்தனாக வந்து, பேரையும் நிற்கும் இடத்தையும் சொல்லி, "பிச்சையா எங்க ஆளு" என்று முடித்தார்கள். டேனரி பேர் வரும்போதெல்லாம் மேனேஜர் மறக்காமல் கைகூப்பினார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிச்சையா ஓரமாக நின்று ஒவ்வொரு குரலுக்கும், "இது இன்னான்" என்று பேர் சொல்லிக்கொண்டே இருந்தான். முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலைக்குப் போகும்போது அவன் வாசலில் நின்று இவர்களைக் கூப்பிடுகிற அதே குரல் அது. அதைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

கடைசி ஆள் நகர்ந்தபோது பிரம்மநாயகம் குனிந்து மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

பொங்கல் பங்கு பிரிப்பதற்குள் ஹவல்தார் இரண்டு பேரோடு வந்துவிட்டார். பர்மிஷன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பக்திப் பாட்டுக்கும் கோயில் அறிவிப்புக்கும் மட்டும் என்று அதில் இருந்தது.

"கோயில் வரிதான் கூப்பிட்டோம், சாப்" என்றான் வெயிலுமுத்து ஹிந்தியில். "யாரை வேணும்னாலும் கேளுங்க."

"பாஷண், பிரசங்கம் நடந்ததுன்னு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு. எடு."

ஆம்ப்ளிஃபயர், பாட்டரி, குழல், மைக் எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது குழலின் விளிம்பு பந்தல் கம்பில் இடித்து நெளிந்தது. வெயிலுமுத்து எரிச்சலோடு, "பாத்து எடுங்கய்யா" என்றான். அந்தக் குழலை வாங்க அவன் நாலு வருஷம் மற்றவர்களுடைய செட்டில் கூலிக்கு ஒயர் இழுத்திருந்தான்.

முருகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். "உன் பிழைப்பைக் கெடுத்துட்டேனே தம்பி."

"விடுங்க மதினி. இந்தக் குழலு இத்தனை நாளு ஆடு தேடுச்சு. இன்னிக்குத்தான் ஆளைத் தேடியிருக்கு" என்றான். சொல்லிவிட்டுக் கைவண்டிக்குப் பின்னாலேயே நடந்தான். குழாயடி தாண்டும்போது, அவன் கேட்காமலேயே ஆண்களும் பெண்களும் எழுந்து கூட வந்தார்கள். போலீஸ் சௌகி வாசலில் அவர்களை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் டேனரி கேட் பாதிதான் திறந்திருந்தது. பிரம்மநாயகம் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, வானமாமலையையும் மைக்கில் பேசிய மற்றவர்களையும் கைகாட்டி நிறுத்தினார். வேலையில்லை என்றார். மறுபடி என்றைக்கு வரலாம் என்று கேட்டார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் ரயிலேற்றிக் கூட்டிவந்த ஆட்கள்.

"நாங்க இத்தனை வருஷம் இங்கன நின்னது பொய்யா அண்ணாச்சி?" என்றான் வானமாமலை.

"மேனேஜர் உத்தரவு" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைச் சாத்தினார்.

வானமாமலை அங்கிருந்து நேரே முருகம்மாள் வாசலுக்கு வந்தான். "வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும் மதினி?" என்று கேட்டான். "எல்லாரும்தான் வாரோம். இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

லேபர் ஆபீசில் பத்து மணிக்கே போய் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கொடைக்கு எடுத்த சட்டையைப் போட்டு, தலையை வழித்து வாரியிருந்தார்கள். வெயிலுமுத்துவும் வந்திருந்தான், கையில் தூக்க எதுவும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தான். ஜகந்நாதன் ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மேனேஜரும் வக்கீலும் வந்து உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பியூன் பிச்சையாவின் பேரைக் கூப்பிட்டான்.

சின்ன அறை. சாட்சிகள் எல்லோரையும் ஒன்றாக உள்ளே விட்டதும் நிற்க இடம் போதவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவர்களைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். வக்கீல் எழுந்து இங்கிலீஷில் பேசினார். ஜகந்நாதன் முருகம்மாள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பிச்சையா மட்டும் இல்லையாம். வந்திருக்கறவா யாருமே அவா டேனரி ஆள் இல்லையாம். எந்த டேனரியிலும் வேலை பார்த்தவாளே இல்லையாம். யூனியன்காரா தெருவிலேர்ந்து கூட்டிண்டு வந்திருக்கான்னு சொல்றார்."

அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றியது. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் பட்ட உடம்பின் வாடை எத்தனை சோப்புக்கும் போவதில்லை. அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பைக்குள்ளிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பியூனைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஜன்னல் திறந்தும் போதவில்லை. வலது கையை அசைத்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் முருகம்மாள்.

ஜகந்நாதன் தயங்கினார். "கதவோரமாப் போய் நிக்கச் சொல்றார். வாடை தாங்கலையாம்."

வானமாமலை ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். முருகம்மாள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"யாரும் தள்ளிப் போகாதிய" என்றாள். "கிட்ட வாங்க. இன்னும் கிட்ட வந்து நில்லுங்க."

பிச்சையா அவள் தோளிலிருந்து கையை எடுத்து, தடவித் தடவி மேசையைக் கண்டுபிடித்து, அதன் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் மற்றவர்கள் வந்து மேசையை ஒட்டி நின்றார்கள். அதிகாரி கைக்குட்டையை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இவர்கள் டேனரியில் வேலை பார்த்தவர்கள்தான் என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார்.